ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சியின் ‘சிக்காமத்ஸு மோனோகதாரி’ படத்தில் ஓசானும் மோஹெய்யும் தப்பே செய்யாமல் ஏன் ஓடுகிறார்கள்?

விடை முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது. காதல் படம் என்று உட்காருபவர்கள் அந்தப் பகுதியை ஏதோ கடன் விவகாரம் என்று விட்டுவிடுவார்கள். பிறகு குழப்பம்தான்.

கியோட்டோவில் பஞ்சாங்கம் அச்சிடும் உரிமை பெற்ற பெரும் பணக்காரர் இஷுன். ஆனால் மனைவி ஓசானின் அண்ணன் கடனில் தவித்தபோது கை கொடுக்கவில்லை. ஓசான் மூத்த கைவினைஞன் மோஹெய்யிடம் கேட்கிறாள். அவன் முதலாளியின் முத்திரையை வைத்துப் பணம் புரட்டப் பார்க்கிறான்; உடன் வேலை செய்பவன் கண்ணில் பட்டதும் தானே போய் ஒப்புக்கொள்கிறான். பணிப்பெண் ஓதாமா குறுக்கே வந்து, பணம் கேட்டது தான்தான் என்கிறாள். அங்கேதான் சிக்கல். அவள்மேல் இஷுனுக்குக் கண். அவரைத் தவிர்க்க, மோஹெய்யைக் கட்டிக்கொள்ளப்போவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். கோபத்தோடு பொறாமையும் சேர்ந்துகொள்கிறது.

இரவில் ஓதாமாவைத் தேடிவரும் கணவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஓசான் அவள் அறையில் படுக்கிறாள். வந்ததோ நன்றி சொல்ல வந்த மோஹெய். அதையும் ஒருவன் பார்த்துவிடுகிறான்.

அந்தக் காலத்தில் எஜமானியும் வேலையாளும் கூடினால் சிலுவை மரணம். மறைத்தால் குடும்பத் தொழிலும் போய்விடும். இஷுனுக்கு மனைவி குற்றமற்றவளா என்பதைவிட அதுதான் பயம். இப்படிப்பட்ட வீட்டில் நின்று விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

படத்துக்கு மூலமான, 1715இல் வந்த சிக்காமத்ஸுவின் பொம்மலாட்ட நாடகத்தில் இருட்டில் ஆள் மாறி உறவே நடந்துவிடும். 1954இல் வந்த படத்தில் அது இல்லை. நாடகத்தைவிடப் படம் கூர்மையானது இதனால்தான்: பழி முதலில், காதல் பிறகு. சாவதற்காகப் பிவா ஏரியில் படகேறி, ஓசானின் கால்களைக் கட்டிய பிறகுதான் மோஹெய் தன் மனதைச் சொல்கிறான். கேட்டதும் அவளுக்குச் சாக மனமில்லை. கஸுவோ மியாகவாவின் ஒளிப்பதிவில் மூடுபனிக்குள் மிதக்கும் அந்தப் படகை முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள்.

‘The Crucified Lovers’ (சிலுவையில் அறையப்பட்ட காதலர்கள்) என்ற ஆங்கிலத் தலைப்பே முடிவைப் போட்டு உடைத்துவிடுவதால் நானும் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் தண்டனைக்குக் கொண்டுபோகும் வேறொரு ஜோடியை இவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் அதே ஊர்வலத்தில் இவர்கள். ஒரே குதிரைமேல் முதுகோடு முதுகாகக் கட்டியிருக்கும். அப்போது முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளையும் பாருங்கள், கோத்திருக்கும்.