கமிஷனிங்னா என்ன, புரோக்கர் கமிஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

வேர்ச்சொல் ஒண்ணுதான், ஒருத்தர்கிட்ட பொறுப்பை ஒப்படைக்கிறது. தரகர் வாங்குற கமிஷன் அந்த வேலைக்கான கூலி, ஆனா கமிஷனிங்னு சொன்னா பெரும்பாலும் பிளான்ட் வேலைதான், அதாவது தொழிற்சாலைல மாட்டின மெஷினை சோதிச்சு, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிறது.

மெஷினை இறக்கி போல்ட் போட்டு கேபிள் இழுத்தா அது எரெக்‌ஷன், அதோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லவே இல்ல. ஒரு பம்ப் மோட்டார எடுத்துக்கங்க, முதல்ல மெக்கர்ங்கிற மீட்டர் வச்சு வயர் சுத்தோட இன்சுலேஷன் சரியா இருக்கான்னு பாக்கணும், அப்புறம் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்க கழட்டிட்டு ஒரு செகண்ட் மட்டும் சப்ளை குடுத்து ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கண்ணால பாக்கணும், தலைகீழா சுத்துனா மூணு ஃபேஸ்ல ரெண்டை மாத்திக் கட்டணும். இதை விட்டுட்டு நேரா லோடு ஏத்தாதீங்க, தயவுசெஞ்சு! அப்புறம்தான் லோடு இல்லாம வெறும் ஓட்டம், பிறகு லோடு ஏத்தி ஓட்டம், எல்லா ரீடிங்கும் எழுதி கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிறது.

கூடங்குளம் முதல் உலை 2013 ஜூலைல கிரிட்டிக்கல் ஆச்சு, அதாவது உள்ள அணுப்பிளவு தொடர்வினை தானா தொடர்ந்து நடக்க ஆரம்பிச்சுது, வணிக உற்பத்தின்னு அறிவிச்சது 2014 டிசம்பர் 31. நடுவுல போன மாசங்கள்ல பெரும்பாலும் சோதனையும் சரிபார்ப்பும்தான்.

கப்பலுக்கும் இதே சொல்தான். கொச்சில கட்டுன விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2013லயே தண்ணில இறங்கிருச்சு, கடற்படைல சேந்தது 2022 செப்டம்பர் 2, அந்த நாள்தான் கமிஷனிங். ராணுவத்துல பயிற்சி முடிச்சு அதிகாரியா ஆகுறதையும், ஓவியர்கிட்ட காசு குடுத்து படம் வரையச் சொல்றதையும் கமிஷன்னுதான் சொல்வாங்க.