அந்த ஒன்பது பேர்

அன்புள்ள ஐயா,

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் உடற்கல்வியும் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கனடாவில் ஒன்பது பிள்ளைகளிடம் பேசி எழுதிய ஆய்வை வைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்று எங்களைக் குறை சொல்வது நியாயமா? எனக்கு ஒரு பீரியடுக்கு எழுபது பேர். அதில் பெருமூளை வாதம் உள்ள ஒரு மாணவி, வாக்கர் பிடித்து நடப்பாள். விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஸ்கோர் எழுத வைக்கிறேன். அவளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

— ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

எழுபது பேருக்கு ஒருவர் என்பது அநியாயம். அந்தப் பழியை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்த ஒன்பது பேரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள்.

டோனா குட்வின், ஜேன் வாட்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது அவர்கள் நோக்கமல்ல. உடற்கல்வி வகுப்பு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளையே கேட்டார்கள். பேசவிட்டார்கள், படம் வரையச் சொன்னார்கள். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு என்றார்கள் பிள்ளைகள். நல்ல நாளில் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்து, தெரிந்ததை ஆடிக் காட்ட முடிந்தது. கெட்ட நாளில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அல்லது ‘உன்னால் முடியுமா?’ என்று பார்த்தார்கள், அல்லது ஆட்டத்தில் முழுதாக இடம் கிடைக்கவில்லை. கை கால் இரண்டு நாளும் அதேதான். மாறியது வகுப்பு நடந்த விதம். இதைத் தெரிந்துகொள்ள ஒன்பது பேர் எனக்குப் போதும்.

உதவி பற்றி மட்டும் குட்வின் அடுத்த ஆண்டு தனியாக ஒரு ஆய்வு வெளியிட்டார். கேட்காமலே ஓடிவந்து செய்யும் உதவி, ‘இவளால் ஆகாது’ என்று எல்லார் முன்னாலும் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் வாயாலேயே அதில் கேட்கலாம். அமெரிக்காவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களோடு நெடுநாள் ஆய்வு செய்துவரும் ஜஸ்டின் ஹேகலே, 2019-இல் இன்னும் கறாராக எழுதினார்: எல்லாரையும் ஒரே மைதானத்தில் நிறுத்திவிட்டால் சேர்த்துக்கொண்டதாக ஆகாது, தானும் சேர்த்தி என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டும்.

உங்கள் மாணவி சந்தோஷமாக இருக்கலாம். ஆனால் வேறு எதுவும் அவளுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லையே! மற்றவர்கள் இல்லாத நேரத்தில், எந்த ஆட்டம் ஆட ஆசை என்று கேளுங்கள். கேட்டவுடன் ‘எதுவும் வேண்டாம் டீச்சர்’ என்றுதான் சொல்வாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டிலும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. விளையாட்டு அவளுக்கு உரிமை, நாம் காட்டும் இரக்கம் அல்ல.

விழுந்துவிடுவாள் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஆட்டத்தையே தரைக்கு இறக்கிவிடலாம். உட்கார்ந்து ஆடும் வாலிபால் 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. மைதானம் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். பெண்களுக்கு வலையின் உயரம் 1.05 மீட்டர்தான். பந்தைத் தொடும்போது பிட்டம் தரையைவிட்டு எழக்கூடாது. பள்ளியில் இதற்கு வலைகூட வேண்டாம், இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு கயிறு கட்டினால் போதும். பந்துக்குப் பதில் பலூன் வைத்துத் தொடங்கலாம், மெதுவாக வரும், அவள் கை போய்ச் சேர நேரம் கிடைக்கும். அந்த ஆட்டத்தில் இருக்கும் எல்லாருமே உட்கார்ந்து ஆட வேண்டும், அதுதான் முக்கியம். ஓட்டத்தில் சூரர்களான பையன்கள் தரையில் நகரத் தெரியாமல் திணறுவார்கள், பாருங்கள்.

எழுபது பேரையும் ஒரே நாளில் உட்கார வைக்க வேண்டாம். முதலில் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வழக்கமான ஆட்டம் ஆடட்டும். அதற்கு முன் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரிடமும் சிறப்பாசிரியரிடமும் பேசிவிடுங்கள். அவள் தரையில் எவ்வளவு நேரம் உட்காரலாம், முதுகுக்குச் சாய்மானம் வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.