மீன் எண்ணப் போகிறேன் என்கிறாள் மகள்

போன மாதம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் யோசனை கேட்டுப் பேசினார்கள். மகள் உயிரியலில் பட்டம் முடிக்கப் போகிறாள். "அண்ணன் பையன் டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் பண்ணி செட்டில் ஆயிட்டான் சார், இவ என்னடான்னா ஆத்துல மீன் எண்ணப் போறேங்கறா" என்றார் அம்மா. கோயம்புத்தூர் அத்தை தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு கல்லூரி லிங்க் அனுப்புகிறாராம்.

கவலைப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்காக அவர்கள் பார்த்து வைத்திருக்கும் டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸுக்குக் கட்டணம் மட்டும் 70 ஆயிரம் டாலர். அதில் 50 ஆயிரம் கடன், அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பெண் நான்கு வருடத்தில் எடுத்தது ஒரே ஒரு கோடிங் பாடம், அதையும் பாதியில் விட்டிருக்கிறாள். அலமீடா க்ரீக் ஓடையில் குப்பை பொறுக்கப் போன சனிக்கிழமைகளில் மட்டும் ஒன்றைக்கூட விடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மெடிக்கல், பார்மசி கதையெல்லாம் நம் வீடுகளில் பேசித் தீர்த்ததுதான், விடுங்கள். அவள் கேட்பது வாட்டர்ஷெட் ஸ்டூவர்ட்ஸ் புரோகிராம். 1994இல் தொடங்கியது. இளைஞர்களை இயற்கைப் பாதுகாப்பு வேலையில் சேர்க்கும் மாநில அமைப்பான கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கார்ப்ஸ் நடத்துகிறது. அமெரிக்க மத்திய அரசின் சேவை அமைப்பான அமெரிகார்ப்ஸின் திட்டங்களில் ஒன்று. ஏறக்குறைய 10 மாதம், 1,700 மணி நேரச் சேவை. ஒரு ஆற்றுக்கு வந்து சேரும் ஓடைகள், மலைச்சரிவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் வாட்டர்ஷெட். அங்கே அழிந்துவரும் கோஹோ சால்மன், ஸ்டீல்ஹெட் என்ற மீன்களை மீட்கும் வேலை.

குளிர்கால மழையில், மார்பு வரை ஏறும் ரப்பர் உடையோடு இரண்டு பேர் ஓடைக்குள்ளேயே நடப்பார்கள். தண்ணீரின் பளபளப்பைத் தாண்டி அடியைப் பார்க்கக் கண்ணில் கண்ணாடி. பெண் சால்மன் வாலால் அடித்துக் கூழாங்கல்லில் பறித்த முட்டைக்குழி தெரிந்தால், நீள அகலம் அளந்து, பக்கத்துக் கிளையில் தேதி எழுதிய நாடாவைக் கட்டிவிட்டு நகர்வார்கள். அடுத்த முறை அதே குழியைப் புதிதென்று எண்ணிவிடக் கூடாதே! முட்டையிட்டுச் செத்த மீன் கிடைத்தால் அதையும் அளப்பார்கள். நாற்றம் கையை விட்டுப் போகாது. கோடையில் முக்குளித்துக் குஞ்சுகளை எண்ணுவார்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பாடமும் எடுப்பார்கள்.

இது பொழுதுபோக்கா? கலிஃபோர்னியா, ஆரெகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024இல். அந்த அக்டோபரிலேயே சால்மன் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விட்டது. மீன் திரும்பியதா, எத்தனை, எந்தக் கிளை ஓடையில் என்று யாராவது நனைந்துகொண்டு எண்ணினால்தான் தெரியும். அரசு மீன்வளத் துறைகளில் ஆரம்ப நிலை வேலைக்குக் கேட்பதும் இந்தக் கள அனுபவத்தைத்தான்.

சரி, காசுக்கு வருவோம். மாதப் படி சொற்பம். வாடகைக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் தர வேண்டிவரும். முழு நேரச் சேவை முடித்தால் கல்வி விருது உண்டு, சமீப ஆண்டுகளில் 7,395 டாலர். வரி கட்ட வேண்டும், ஆனால் 7 வருடத்துக்குள் மேல்படிப்புக்கோ பழைய கல்விக் கடனுக்கோ போடலாம். ஃபெடரல் கடன் இருந்தால் சேவைக் காலத்தில் தவணையைத் தள்ளிப்போடலாம். 26 வயது வரை உங்கள் இன்ஷூரன்ஸிலேயே இருக்கலாம். அமெரிகார்ப்ஸில் சேரக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கட்டாயம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து ஹெச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது.

ஒன்றை மறைக்க மாட்டேன். 2025 ஏப்ரலில் மத்திய அரசு அமெரிகார்ப்ஸ் நிதியை ஒரே வீச்சில் வெட்டியது, பிறகு வழக்கு, கோர்ட் என்று இழுத்தது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பு அந்த வருடத்து இடங்களுக்குப் பணம் உறுதியா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் கன்சர்வேஷன் கார்ப்ஸிலேயே 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இடம் உண்டு. அவர்கள் விளம்பரமே "கடின உழைப்பு, குறைந்த சம்பளம், படுமோசமான சூழல், இன்னும் நிறைய" என்பதுதான். இவ்வளவு நேர்மையாக எந்த மாஸ்டர்ஸ் விளம்பரமும் பேசி நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கடன் பத்திரத்தில் இந்த வருடம் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ரப்பர் டிரஸ்ஸை அவங்களே குடுப்பாங்களா சார், நாம வாங்கணுமா?" என்று கேட்டார்.