வேலை போனதும் முதலில் மனு

தம்பி, கிரீன் கார்டில் டெக்சஸ் வந்து இரண்டு வருடம், விவாகரத்து ஆகிவிட்டது, குழந்தை அதன் அம்மாவிடம், ஆறு வாரமாக வேலை இல்லை என்கிறீர்கள். வேலை கிடைத்த பிறகு சைல்ட் சப்போர்ட் (குழந்தைக்காக மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகை) பாக்கியை மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாமா, இப்போதே கோர்ட்டுக்குப் போக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. இப்போதே போங்கள். போகாமல் ஐந்து மாதம் ஓட்டியவன் நான்.

நம் ஊர் ஜீவனாம்ச வழக்கு மாதிரி வாய்தா வாங்கியே காலம் தள்ளலாம் என்று நினைத்தேன். இங்கே ஒரு குழந்தைக்குப் பொதுவாக நிகர வருமானத்தில் 20 சதவீதம். ஆனால் உத்தரவில் எழுதியிருப்பது டாலர் தொகை. சம்பளம் நின்றாலும் அது தானாகக் குறையாது. மாதாமாதம் பாக்கி ஏறும், அதற்கு வருடம் 6 சதவீதம் வட்டி வேறு. 1986இல் வந்த மத்தியச் சட்டப்படி, ஏறிவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. தொகையைக் குறைக்கக் கேட்டு மனு போட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்துதான் குறைப்பு கிடைக்கும். இங்கே சைல்ட் சப்போர்ட்டைக் கவனிக்கும் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இலவசமாக மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். டெக்சஸ் லா ஹெல்ப் என்ற இலவசச் சட்ட உதவித் தளத்தில் மனுப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பி நீங்களே தாக்கல் செய்வது மேல்.

அப்புறம் வேலை. இங்கே என்.சி.பி. சாய்ஸஸ் என்று ஒரு திட்டம், 2005 முதல் நடக்கிறது. பாக்கி வைத்திருக்கும், வேலையில்லாத பெற்றோரை நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பாமல் இதில் சேரச் சொல்வார். என் வழக்கன்று வொர்க்ஃபோர்ஸ் எனும் அரசு வேலைவாய்ப்பு அலுவலக ஆள் ஒருவர் கோர்ட்டுக்குள்ளேயே ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். நீதிபதி கையெழுத்துப் போட்ட கையோடு என்னை ஓரமாக அழைத்து, "நாளைக் காலை வந்துவிடுங்கள்" என்றார். ரெஸ்யூமே திருத்துவது, நேர்காணலுக்குத் தயார் செய்வது, பஸ் செலவுக்கு உதவுவது எல்லாம் உண்டு. வாரந்தவறாமல் முகம் காட்ட வேண்டும், டிமிக்கி கொடுத்தால் கோர்ட்டுக்குத் தகவல் போய்விடும். எல்லாக் கவுன்டியிலும் இல்லை, உங்கள் கவுன்டியில் உண்டா என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தது கிடங்கு வேலை. எம்.எஸ்சி. படித்தவனுக்குக் கசந்தது, ஆனால் பாக்கி ஏறுவது நின்றது.

குழந்தையின் அம்மா கையில் நேராகப் பணம் கொடுக்காதீர்கள், கணக்கில் சேராமல் போகலாம். மாநிலப் பட்டுவாடா மையம் வழியாக 50 டாலராவது கட்டுங்கள். வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் நாளைக்கு சிட்டிசன்ஷிப்பிலும் இடிக்கும்.

வேலை இல்லையே என்ற கூச்சத்தில் குழந்தையைப் பார்க்கப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி இருந்தாலும் அந்த உரிமை தனி. நான் அந்த ஐந்து மாதத்தில் நாலு தடவைதான் போனேன். என் மகள் இன்னமும் விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறாள்.