விரிசல் விட்ட பேட்டில் ஆடலாமா?

கேள்வி: போன வாரம் டபுள்ஸ் ஆடும்போது, நடுவில் வந்த ஷட்டிலுக்கு நானும் பார்ட்னரும் ஒரே நேரத்தில் வீசி இரண்டு பேட்டும் மோதிவிட்டன. அன்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது என் பேட்டின் தலையில், கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. கட்டிங் போடும், அதாவது பேட்டுக்கு நரம்பு கட்டும் கடைக்காரர் இதில் கை வைக்க மாட்டேன் என்கிறார். நண்பர் ஃபெவிக்விக் போட்டு ஒட்டு என்கிறார். 6,000 ரூபாய் பேட், வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: பேட்டில் கட்டிங் இன்னும் இழுத்த நிலையிலேயே இருக்கிறதா? அப்படியானால் மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் கத்தரியை எடுங்கள். 24 பவுண்டில் போட்டிருந்தால் ஒவ்வொரு நரம்பும் சுமார் 11 கிலோ பாரத்துடன் ஃபிரேமை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், அப்படி நெடுக்கே இருபதுக்கு மேல், குறுக்கேயும் இருபதுக்கு மேல். ஆடாமல் பையில் வைத்திருந்தாலும் அந்த இழுப்பு நிற்காது, விரிசல் ராத்திரியோடு ராத்திரியாக வளரும். வெட்டும்போது ஓரத்தில் தொடங்காதீர்கள். நடுவில் நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வெட்டி வெளிப்பக்கம் நகருங்கள், அப்போதுதான் எல்லாப் பக்கமும் பாரம் சமமாக இறங்கும்.

சரி, அது விரிசல்தானா? மோதலில் வெறும் பெயின்ட் தெறிப்பதும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து நல்ல பேட்டைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தைக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுங்கள். பெயின்ட் மட்டும் போயிருந்தால் ஓரத்தில் லேசாகத் தட்டும், அடியில் ஃபிரேம் வழவழவென்று முழுதாக இருக்கும். விரிசலில் நகம் சிக்கும். கோடு வெளிப்புறத்தோடு நிற்காமல், நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழாய் வரை, அதாவது குரோமெட் வரை ஓடியிருக்கும். அந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் லேசாக அழுத்தினால் 'கிறுக்' என்று ஒரு சத்தம், கோடு கொஞ்சம் வாய் திறக்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம். (ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஏதோ உருளுகிறதே என்று சிலர் கேட்பார்கள், அது பெரும்பாலும் உள்ளே உதிர்ந்த பசைத் துணுக்கு. விரிசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது மேலாக உட்கார்ந்து கல் மாதிரி இறுகும், ஃபிரேமோ ஒவ்வொரு அடிக்கும் வளைந்து நிமிரும், இரண்டே ஸ்மாஷில் தெறித்துவிடும். கார்பன் துணியை எபாக்சியில் தோய்த்துச் சுற்றிக் கட்டுவது மட்டும்தான் உருப்படியான வழி, அதைச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 4யூ என்ற எடைப்பிரிவில் வரும் பேட்டின் மொத்த எடையே 80 முதல் 84 கிராம்தான், தலையில் இரண்டு மூன்று கிராம் கூடினாலே வீசும்போது கை உணரும். அப்படி ஒட்டியதில் மறுபடி 24 இழுக்கக் கூடாது, 18, 19 போதும், பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், செலவழித்து ஒட்டுவதைவிட அந்தக் காசை அடுத்த பேட்டுக்குச் சேர்த்துவைப்பேன். கோடு, தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டான ஷாஃப்டிலோ, ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்திலோ இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, வீச்சின் நடுவில் தலை கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. வீட்டுப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொடுத்துவிடவும் வேண்டாம், உடைந்த கார்பன் நார் ஊசி மாதிரி கையில் ஏறும், எடுப்பது பெரும்பாடு.

உங்கள் கடைக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள். மெஷினில் ஏற்றி இழுக்கும்போதுதான் விரிசல் விட்ட ஃபிரேம் படாரென்று போகும், அவர் முன்கூட்டியே சொன்னது உங்கள் நல்லதுக்கு. வாரன்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான், மோதலுக்குக் கிடைக்காது.

இன்னொன்று, இது மோதல் இல்லாமலும் நடக்கும். நரம்பு ஒன்று அறுந்ததும் ஒரு பக்கம் இழுப்பு போய், மறுபக்கம் அப்படியே நிற்கும், ஃபிரேம் கோணிக்கொள்ளும். எனக்கு ஒரு பேட் அப்படித்தான் போனது. சாயங்காலம் மேல் ஓரத்தில் அறுந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்தேன், காலையில் தலை உள்வாங்கி உடைந்திருந்தது. அறுந்த நிமிடமே கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து மீதியையும் வெட்டிவிடுங்கள். பேட்டை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், சூட்டில் உள்ளே இருக்கும் பிசின் இளகும்.

அப்புறம், மோதியது இரண்டு பேட். உங்கள் பார்ட்னருடையதையும் இன்றைக்கே வாங்கி, அதே மாதிரி நகத்தால் தடவிப் பாருங்கள்.