மேலூருக்கு வேண்டாம், கே.கே. நகருக்குப் போடலாம்

கேள்வி: அண்ணா, மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது. மேலூரில் அம்மா வீட்டில் 250தான். இரண்டு மொட்டை மாடியிலும் சோலார் போடலாமா?

பதில்: உங்கள் வீட்டில் தாராளமாகப் போடுங்கள் தங்கச்சி. அம்மா வீட்டுக்கு வேண்டாம். இலவச யூனிட் போக அவர்கள் கட்டுவதே சில நூறு ரூபாய்தான். அதில் எதை மிச்சம் பிடிக்க?

நீங்கள் 500 யூனிட்டைத் தாண்டுவதால், குறைவாக ஓட்டுபவர்களுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடுகிறது. 2 கிலோவாட் போட்டால் நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480 கிடைக்கும். மீதி 320க்குத்தான் பில். சுமார் நாலாயிரம் ரூபாய் குறையும். செலவு ஒன்றே கால், ஒன்றரை லட்சம் ஆகும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 60,000 மானியம் உண்டு. ஆனால் அது நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் கரண்டில் சோலார் கொடுப்பதைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் மீட்டர்) மாட்டி, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும், அதுவரை கைக்காசுதான். எப்படியும் நாலு வருஷத்தில் போட்டது வந்துவிடும்.

அப்புறம், பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். விற்கிறவர் இதை வாய் திறந்து சொல்லமாட்டார், கேளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழக் கூடாது. போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடுங்கள், உப்பு படியும்.