கொரங்காட்டில் காங்கேயம் மாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொரங்காடு என்பது தரிசு நிலம்தானே ஐயா? (கோவை வாசகர்)

இல்லைங்க. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கத்து மானாவாரி மேட்டு நிலத்தில், மாடு மேய்வதற்கென்றே உழவர்கள் தலைமுறையாகக் காத்துவரும் சொந்தப் புல்வெளி அது. தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வேலி சரியாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். கடவை, அதாவது வேலி வாசலைத் திறந்து விட்டால் போதும்.

எட்டு ஏக்கர் கொரங்காடு, ஆறு உருப்படி. ஐப்பசி மழையில் பசேல் என்று வந்ததும் மாட்டை விட்டேன். தை மாதமே தரை தெரிகிறது. எங்கே தப்பு, அண்ணா?

அவசரப்பட்டுவிட்டீர்கள். மழை விழுந்ததும் கொழுக்கட்டைப்புல் வேரிலும் தூரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் இலை விடுகிறது. அந்த இளம் இலையை மாடு கடித்தால் மறுபடி அங்கிருந்தே எடுக்க வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பக் கடிபட்டால் தூர் செத்துப்போகும். அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அந்த இடத்தில் களைதான்.

எட்டு ஏக்கரை நான்கு பட்டிகளாகத் தடுங்கள். மழை பெய்து முதல் சில வாரம் கடவை மூடியே வைத்து, கட்டுத்தறியில் சோளத்தட்டு போடுங்கள். புல் அரைச் சாணுக்குக் குறையும் முன்னால் அடுத்த பட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பட்டியை மட்டும் கதிர் பழுத்து விதை கொட்டும்வரை தொடவே வேண்டாம். அடுத்த ஆண்டு வேறு பட்டிக்கு அந்த ஓய்வு. எனக்கும் பால் குறையுமே என்று கை பரபரத்த காலம் உண்டு. ஆனால் புல்லைக் காப்பாற்றினால்தான் மாடு நிற்கும்.

போன மாதம் சேகரித்த கொழுக்கட்டை விதை முளைக்கவில்லையே?

புது விதை உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதமாவது காய வைத்து, மழைக்கு முன் ஏக்கருக்கு 3 கிலோ தூவுங்கள். ஆழமாகப் புதைக்காமல், முள் செடியை இழுத்து லேசாக மண் மூடினால் போதும்.

காங்கேயம் மாட்டுப் பாலை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

பாலை மட்டும் நம்பினால் முடியாது. பெரும்பாலும் நாளுக்கு 2, 3 லிட்டர்தான். காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டையின் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்தது உழவுக்கும் வண்டிக்கும்தான். வருமானம் கன்றிலும் காளையிலும் இருக்கிறது. காய்ந்த புல்லைத் தின்று வெயிலில் நிற்கிற இந்தத் திடத்துக்கு நான் பெரிய மதிப்பு வைக்கிறேன்.

சீமைக்கருவேலம் முளைத்துக்கொண்டே இருக்கிறதே?

வெட்டினால் தழைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது சிறு கன்றாகவே வேரோடு பிடுங்குங்கள். வெளியே அதன் காயைத் தின்ற மாடு சாணத்தில் விதையைக் கொண்டுவந்து போடும். அப்படி மேய்ந்து வந்த மாட்டைச் சில நாள் கட்டுத்தறியிலேயே வைத்திருங்கள். குப்பைக்குழியில் முளைத்தால் பிடுங்குவது சுலபம்.